பொறுப்பான சூதாட்டம்: பொறுப்பு யாருடையது?

சூதாட்டத்திற்கு முன்பெல்லாம் ஓர் இடம் இருந்தது. குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டுபவர் ‘புக்கி’க்குப் போக வேண்டும். சீட்டாடுபவர் கிளப்புக்குப் போக வேண்டும். கசினோ என்றால் கொழும்புக்கே பயணம் செய்ய வேண்டும். போகும்போது ஊர் பார்க்கும். திரும்பி வரும்போது வீடு கேட்கும். அந்த வெட்கமும் அந்தத் தூரமும் எத்தனையோ பேரை வாசற்படியிலேயே தடுத்து நிறுத்தின.

இன்று அந்த வாசற்படி இல்லை. இஷாத் தொழுகை முடிந்து வீட்டார் உறங்கிய பின்னர், போர்வைக்குள் ஒளிரும் கைத்தொலைபேசியே கசினோவாகிவிட்டது. மகன் பாடம் படிக்கிறான் என்று உம்மா நினைக்கிறார். கணவர் வெளிநாட்டிலுள்ள நண்பருடன் கதைக்கிறார் என்று மனைவி நினைக்கிறார். விடியும்போது வங்கிக் கணக்கில் ஒன்றும் இருப்பதில்லை.

இந்த இணையவழிக் கசினோக்களின் திரையில், மின்னும் விளக்குகளுக்கு அடியில், சிறிய எழுத்துக்களில் ஒரு புத்திமதியும் இருக்கும். ‘பொறுப்புடன் விளையாடுங்கள்’ என்பதே அது. இழந்தால் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கட்டுங்கள், நேரத்துக்கு எல்லை வையுங்கள், இழந்த காசை மீட்கத் துரத்தாதீர்கள் என்று அதன் விளக்கம் நீளும். கேட்பதற்கு நல்ல அறிவுரைதான். எமது இளைஞர்களிலும் சிலர், “அளவோடு விளையாடினால் என்ன குற்றம்? சினிமாவுக்குச் செலவழிப்பவர் இல்லையா?” என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். இந்தக் கேள்வியை அதட்டி அடக்கிவிட்டால் அது போர்வைக்குள் போய்விடும். எனவே அதனை எடுத்து ஆராய்ந்து பதில் கூறுவதே பொருத்தமாகும்.

ஜாஹிலிய்யாவின் ‘நல்ல’ சூது

சூதாட்டத்திற்கு நல்ல பெயர் சூட்டும் வழக்கம் புதியதன்று. அல்குர்ஆன் ‘மைஸிர்’ என்று குறிப்பிடும் சூது, அன்றைய அரபிகளிடம் எவ்வாறு இருந்தது என்பதைத் தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கியுள்ளனர். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவர். 10 அம்புகளை ஒரு பையிலிட்டு உருவுவர். 7 அம்புகளுக்குப் பங்கு உண்டு. 3 அம்புகள் வெறுமையானவை. வெறும் அம்பு யாருக்கு விழுகிறதோ அவர்களே ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்களோ அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துப் பெருமை கொள்வர். அதில் பங்குபற்றாதவனை உலோபி என்று இகழ்வர்.

அதாவது, அது பசித்தவனுக்கு உணவளித்த சூது. இன்றைய எந்தக் கசினோவும் காட்ட முடியாத ஒரு நன்மை அதில் கண்முன்னே இருந்தது. அல்குர்ஆனும் அந்த நன்மையை மறுக்கவில்லை. ஸூறத்துல் பகராவின் 219ஆவது வசனம், மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதைச் சொல்லிவிட்டே, அவற்றின் பாவம் பயனை விடப் பெரியது என்று தீர்ப்பளிக்கிறது. பின்னர் ஸூறத்துல் மாஇதாவின் 90, 91ஆம் வசனங்கள் இரண்டையும் முற்றாக விலக்கின. விலக்கியதற்கான காரணங்களையும் அவை எடுத்துரைக்கின்றன: ஷைத்தான் இவற்றைக் கொண்டு மனிதரிடையே பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்குகிறான், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுக்கிறான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘ஏழைக்கு உதவும் சூது’ என்று ஒரு விதிவிலக்கு வைக்கப்படவில்லை. ‘அளவோடு ஆடு’ என்று ஓர் எல்லையும் இடப்படவில்லை. வாசலே அடைக்கப்பட்டது. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதை விளங்கிக்கொள்ள, இன்றைய இணையக் கசினோவின் கணக்கைப் பார்த்தாலே போதும்.

கணக்கு என்ன சொல்கிறது?

‘ரூலெட்’ எனும் சுழல் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் பூச்சியம் முதல் 36 வரை 37 குழிகள் உள்ளன. ஓர் எண்ணில் 100 ரூபா கட்டி, பந்து அதில் விழுந்தால், கட்டிய 100 ரூபாவுடன் 3,500 ரூபாவும் கிடைக்கும். இப்போது ஒருவர் தோற்கவே கூடாதென்று எண்ணி 37 எண்களிலும் 100 ரூபா வீதம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டியது 3,700 ரூபா. பந்து எங்கே விழுந்தாலும் அவர் கைக்கு வருவது 3,600 ரூபா. வென்றுகொண்டே 100 ரூபாவை இழக்கிறார். அமெரிக்க வகைச் சக்கரத்தில் 38 குழிகள். அங்கே இழப்பு 200 ரூபா. இதில் மோசடி ஏதும் இல்லை. சக்கரம் நேர்மையாகவே சுழல்கிறது. ஆனால் கொடுக்கும் விலை எப்போதும் ஒரு படி குறைவாகவே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

இணையக் கசினோக்களில் அதிகம் ஆடப்படுவது, படங்கள் சுழலும் ‘ஸ்லொட்’ விளையாட்டாகும். “இதில் நூற்றுக்கு 96 வீதம் விளையாடுபவருக்கே திரும்பக் கிடைக்கிறது” என்று விளம்பரம் செய்வர். கேட்பவர், தாம் வைப்பிலிட்ட 2,000 ரூபாவில் 1,920 ரூபா எப்படியும் மிஞ்சும் என எண்ணிக்கொள்வார். உண்மை அதுவன்று. அந்த 4 வீதம், வைப்பிலிட்ட பணத்தில் ஒருமுறை மட்டும் கழிவதில்லை. ஒவ்வொரு சுழற்சியிலும் கழிகிறது. ஒரு சுழற்சிக்கு 20 ரூபா, 3 விநாடிக்கு ஒரு சுழற்சி என்று கொண்டால், ஒரு மணித்தியாலத்தில் 1,200 சுழற்சிகள். பந்தயம் வைத்த மொத்தத் தொகை 24,000 ரூபா. அதில் 4 வீதம் 960 ரூபா. ஆகவே 2,000 ரூபா சராசரியாக இரண்டு மணித்தியாலத்திலே கரைந்துவிடும். ஒரு நாள் ஒருவர் வெல்லலாம். இன்னொரு நாள் அரை மணித்தியாலத்திலேயே எல்லாம் போகலாம். ஆட ஆட, கணக்கு இந்தச் சராசரியை நோக்கியே இழுத்துச் செல்லும்.

அடுத்தது ‘போனஸ்’. “நீங்கள் 5,000 ரூபா போட்டால் நாங்கள் 5,000 ரூபா தருவோம்” என்பார்கள். கசினோக்காரன் ஏன் காசை இனாமாகக் கொடுக்கிறான்? நிபந்தனைகளை வாசித்தால் தெரியும். போனஸ் தொகையைப் போல் 35 மடங்கு பந்தயம் வைத்த பிறகே பணத்தை வெளியே எடுக்கலாம் என்பது போன்ற நிபந்தனை அங்கே இருக்கும். 5,000 ரூபாவின் 35 மடங்கு 175,000 ரூபா. அதில் 4 வீதம் 7,000 ரூபா. ஐயாயிரத்தைத் தந்து ஏழாயிரத்தை எடுத்துக்கொள்ளும் அன்பளிப்பு அது.

எனவே, ‘சினிமாச் செலவு போன்றதுதான்’ என்ற வாதம் நிற்காது. சினிமாவுக்குப் போனவர், கொடுத்த ரிக்கட் காசைத் திரும்பப் பெறுவதற்காக அன்றிரவே இன்னும் பத்துப் படங்களைப் பார்ப்பதில்லை. சூதாடுபவரை அப்படிச் செய்யத் தூண்டுவது எது என்பதையே அடுத்துப் பார்க்க வேண்டும்.

மனதின் பலவீனத்தில் கட்டிய வியாபாரம்

1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் திகதி, மொனாக்கோ நாட்டின் மொன்டே கார்லோ கசினோவில் ஒரு சம்பவம் நடந்தது. ரூலெட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பு நிறத்திலேயே விழுந்தது. இத்தனை முறை கறுப்பு வந்துவிட்டது, அடுத்தது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியோர் மேலும் மேலும் சிவப்பில் கட்டிப் பெருந்தொகையை இழந்தனர். சக்கரத்துக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு சுழற்சியும் முதற்சுழற்சியே. ஆனால் மனித மனமோ, “இவ்வளவு தோற்றுவிட்டேன், இனி வெற்றி எனக்குக் கடமைப்பட்டிருக்கிறது” என்று நம்புகிறது. இழந்ததைத் துரத்தும் நோய் இங்கிருந்தே பிறக்கிறது.

இந்தப் பலவீனத்தை நன்கறிந்தே இன்றைய விளையாட்டுகள் அமைக்கப்படுகின்றன. எப்போது பரிசு விழும் என்று தெரியாதிருந்தால், நிச்சயமான பரிசை விட அதிகமாக மனம் அதிலே ஒட்டிக்கொள்ளும் என்பதை, அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து நடத்திய பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஸ்லொட் விளையாட்டின் உள்ளமைப்பு இதுவே. மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது மயிரிழையில் தவறிப்போவது போலத் திரை காட்டும். தோல்வி, ‘கிட்டத்தட்ட வெற்றி’யாக மனதில் பதியும். 20 ரூபா கட்டி 8 ரூபா கிடைத்தாலும் மணி ஒலிக்கும், விளக்குகள் மின்னும். 12 ரூபா போனது மறந்துவிடும். பணம், நிறம் நிறமான காசுகளாகத் திரையில் தெரிவதால் அது பிள்ளையின் பால்மாக் காசு என்ற நினைவும் எழாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பு, சூதாட்டக் கோளாற்றை அடிமைத்தனம் சார்ந்த நோய்களில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. போதைப்பொருள் எதுவும் உடலுக்குள் போகாமலே, போதைக்கு அடிமையானவரைப் போல ஒருவர் ஆகிவிட முடியும் என்பது இன்று மருத்துவம் ஏற்றுக்கொண்ட விடயம். இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், ‘பொறுப்புடன் விளையாடுங்கள்’ என்று சொல்வதன் பொருள் என்ன? நீந்தத் தெரியாதவனை ஆற்றில் தள்ளிவிட்டு, ‘கவனமாக நீந்துங்கள்’ என்று கரையிலே பலகை நடுவதைப் போன்றது அது.

பிரித்தானியா கற்ற பாடம்

‘பொறுப்பான சூதாட்டம்’ என்ற கொள்கையை முழுமையாக நம்பிப் பரீட்சித்த நாடுகளில் முதன்மையானது பிரித்தானியா. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் 2007 செப்டெம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, தொலைக்காட்சியில் கசினோக்கள் தாராளமாக விளம்பரம் செய்யும் வழி திறந்தது. வளர்ந்த மனிதர் தமது பணத்தைத் தாமே பார்த்துக்கொள்வார் என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். சூதாட்டக் கொம்பனிகளும் எச்சரிக்கை வாசகம் ஒன்றை வெளியிட்டன. மகிழ்ச்சி நின்றதும் நீங்களும் நிறுத்துங்கள் என்பது அதன் கருத்து. ஆனால் அந்த விளம்பரப் பலகையில் எல்லாவற்றிலும் பெரிதாக அச்சிடப்பட்டிருந்த சொல் ‘மகிழ்ச்சி’ என்பதுதான். அந்த வாசகத்தைக் காட்டிப் பரிசோதித்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அதனால் பந்தயம் குறைந்ததற்கு ஆதாரம் எதையும் காணவில்லை.

2020ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் விசேட குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை, இந்த வியாபாரத்தின் உள்ளத்தைத் திறந்து காட்டியது. சூதாட்டத் தொழிலின் இலாபத்தில் நூற்றுக்கு 60 வீதம், விளையாடுவோரில் வெறும் 5 வீதத்தினரிடமிருந்து வருகிறது. அந்த 5 வீதத்தினர் சூதில் ஏற்கெனவே சிக்கியவர்கள் அல்லது சிக்கும் அபாயத்தில் இருப்பவர்கள் என்று அவ்வறிக்கை கூறிற்று. இந்த எண்ணை வாசகர்கள் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். எல்லோரும் உண்மையிலேயே ‘பொறுப்புடன்’ விளையாடத் தொடங்கினால், அந்தத் தொழிலின் இலாபத்தில் பெரும்பகுதி இல்லாமலே போய்விடும். அப்படியானால் அந்த அறிவுரையைக் கூறுபவர், அது கேட்கப்படாமல் இருப்பதிலேயே வாழ்கிறார்.

இதன் பிறகு அந்நாடு ஒவ்வொரு பூட்டாகப் போடத் தொடங்கியது. 2020 ஏப்ரலில், கடனட்டையால் சூதாடுவது தடைசெய்யப்பட்டது. தன்னைத் தானே தடைசெய்துகொள்ள விரும்புபவர் ஒருமுறை பதிவுசெய்தால், அந்நாட்டு அனுமதி பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் எல்லாம் அவருக்கு அடைபடும் திட்டத்தில், எல்லாக் கொம்பனிகளும் சேர்ந்தேயாக வேண்டும் என்ற கட்டாயமும் அதே ஆண்டிலே வந்தது. 2021 ஒக்டோபரில், ஸ்லொட் விளையாட்டின் ஒரு சுழற்சி 2.5 விநாடிக்குக் குறையக் கூடாது, தானாகவே சுழலும் வசதி கூடாது, கட்டியதை விடக் குறைவாகக் கிடைத்ததைக் கொண்டாடும் ஒலியும் ஒளியும் கூடாது என்று விதிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில், இணைய ஸ்லொட்டில் ஒரு சுழற்சிக்கு 5 பவுணுக்கு மேல் கட்ட முடியாதென எல்லை வந்தது. மே மாதத்தில், 18 முதல் 24 வயது வரையானோருக்கு அது 2 பவுணாகக் குறைக்கப்பட்டது. போனஸுக்கான பந்தய நிபந்தனை 10 மடங்கைத் தாண்டக் கூடாதென்ற விதி 2026 ஜனவரியில் நடைமுறையாயிற்று.

இவை மார்க்கத் தீர்ப்புகள் அல்ல. கடனில் மூழ்கிய குடும்பங்களும், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும், வைத்தியர்களும் கேட்டுப் பெற்ற பூட்டுகள் இவை. தனிமனிதரின் பொறுப்பு மட்டும் போதாது என்பதை, அதனை அதிகம் நம்பிய நாடே 18 ஆண்டுகளில் தன் சட்டங்களால் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அயலிலும் இங்கும்

எமது அயல் நாடான இந்தியா வேறொரு வழியை எடுத்தது. தமிழ்நாட்டில் ஒன்லைன் ரம்மியால் கடன்பட்டோர் தம்முயிரை மாய்த்த செய்திகள் தொடர்ந்து வந்ததை அடுத்து, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2022இல் மாநில சட்டசபை இணையவழிச் சூதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ரம்மி திறமைக்குரிய விளையாட்டா, அதிர்ஷ்டத்துக்குரிய விளையாட்டா என்ற வழக்கு நீதிமன்றங்களில் நீண்டது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதற்கும் தடைசெய்து சட்டமியற்றியது.

இலங்கையிலும் 2025ஆம் ஆண்டில், சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை நிறுவும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இணையவழிச் சூதும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. ஒழுங்கற்றிருந்ததை ஒழுங்குக்குள் கொண்டுவருவது அரசின் கடமை. ஆயினும் ஒரு விடயத்தில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். சட்டம் அனுமதித்தது என்பதால் ஒன்று ஹலாலாகிவிடாது. கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் கசினோக்களில் பல எங்கோ ஒரு தீவில் அனுமதிப்பத்திரம் பெற்றவை. வென்ற பணத்தைத் தராவிட்டால் போய்க் கேட்க ஒரு வாசலும் இல்லை.

இன்னொன்றையும் எமது இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சிலர் தாம் விளையாடுவதில்லை. ஆனால் கசினோவின் இணைப்பை வட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்து, ஆள் சேர்த்ததற்குத் தரகு பெறுகின்றனர். “வாருங்கள் சூதாடுவோம்” என்று தன் தோழனை அழைத்தவர், அந்த அழைப்புக்காகவே ஸதகா கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததை இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளனர். வாய்ச் சொல்லுக்கே பரிகாரம் வேண்டுமென்றால், ஆள் பிடித்துச் சம்பாதித்த காசுக்கு என்ன நிலை என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

வீட்டில் தெரியும் அடையாளங்கள்

மதுவுக்கு நாற்றம் உண்டு. இந்தச் சூதுக்கு நாற்றமில்லை. எனவே வீட்டார் வேறு அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். சம்பளம் வந்த ஓரிரு நாளிலேயே கை வெறுமையாதல், காரணம் சொல்லாமல் கடன் கேட்டல், இணையவழிக் கடன் கொம்பனிகளிடமிருந்து ஓயாத அழைப்புகள், நகை அடகுக்குப் போதல், தொலைபேசியை மறைத்தல், இரவு விழித்திருந்து ஸுப்ஹைத் தவறவிடல், சிறு கேள்விக்கும் சீறி விழுதல் ஆகியவை அவற்றிற் சில. இவற்றில் ஒன்றைக் கண்டதும் சந்தேகப்படுவது நியாயமாகாது. பல ஒன்றாகச் சேர்ந்து வந்தால் கேட்காமலிருப்பதும் சரியாகாது.

சிறு பிள்ளைகள் விடயத்தில் இன்னும் முன்கூட்டியே கவனம் வேண்டும். காசில்லாமல் ஆடும் ‘இலவச கசினோ’ விளையாட்டுகள், சக்கரத்தைச் சுழற்றும் இன்பத்தைப் பழக்கிக்கொடுக்கின்றன. இன்னும் சில விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியைப் பணம் கொடுத்துத் திறக்க வேண்டும். பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. பிள்ளையின் கையில் வாப்பாவின் வங்கி அட்டை இலக்கம் பதிந்த தொலைபேசியைக் கொடுப்பதற்கு முன் இதனை நினைவில் கொள்ளுதல் நன்று.

விழுந்தவரைத் தூக்கிவிடுவது எப்படி?

ஒரு வீட்டில் இது நிகழ்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மனைவி தன் காப்பைத் தேடுகிறார். அது அடகுக் கடையில் இருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் இயல்பே. ஆனால் முதல் நாளிலேயே ஊரைக் கூட்டினால், அவர் மேலும் ஒளிப்பார். ஒளிப்பவர் மேலும் ஆடுவார். “எவ்வளவு கடன் என்று ஒளிக்காமச் சொல்லுங்க. சேர்ந்து யோசிப்போம். ஆனா இனிக் காசு என் கையில இருக்கட்டும்” என்று மனைவி கூறுவதும், “மகன், நான் ஏசப் போறதில்ல. எல்லாத்தையும் சொல்லுங்க” என்று ஓர் உம்மா கூறுவதும், நூறு சாபங்களை விடப் பலன் தரும். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பது எமக்குக் கற்பிக்கப்பட்ட பண்பாகும். மறைப்பதென்றால் நோயைக் கவனிக்காமல் விடுவதென்று கருதக் கூடாது.

அதன்பின் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் செய்தல் வேண்டும்.

முதலாவது, கடன்களை எல்லாம் ஒரே தாளில் எழுத வேண்டும். வங்கி, அடகு, நண்பர், இணையக் கடன் என்று எதையும் விடாமல் எழுதிய பிறகே வழி தெரியும். மறைத்த ஒரு கடனே மறுபடியும் சூதுக்கு இழுத்துச் செல்லும்.

இரண்டாவது, பணம் செல்லும் வழியை மூட வேண்டும். அட்டைகளையும் சம்பளக் கணக்கையும் குறிப்பிட்ட காலத்துக்கு மனைவி, வாப்பா அல்லது மூத்த நானா பொறுப்பேற்கலாம். வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுகளை அட்டையில் நிறுத்தி வைக்குமாறு வங்கியிடம் கேட்கலாம். சூதாட்டத் தளங்களைத் தொலைபேசியில் அடைக்கும் இலவசச் செயலிகளும் உள்ளன. ‘பெட்புளொக்கர்’ அவற்றுள் ஒன்று. கசினோவில் உள்ள கணக்கையும் நிரந்தரமாக மூடிவிட வேண்டும்.

மூன்றாவது, கடனை அடைக்கும் பணத்தை அவர் கையில் கொடுக்கக் கூடாது. கடன் கொடுத்தவருக்கே நேரடியாகச் செலுத்த வேண்டும். பாசத்தால் கையில் கொடுக்கும் பணம், “இதை வைத்து ஒரேயடியாக மீட்டுவிடலாம்” என்ற எண்ணத்துக்குத் தீனியாகிவிடும்.

நான்காவது, வைத்தியரை நாட வெட்கப்படக் கூடாது. இது நோய் என்பதை மேலே கண்டோம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். கடன்பட்டவர், வாழ்வதில் பயனில்லை என்ற பொருள்படப் பேசினால் அதனை மிரட்டல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

ஐந்தாவது, தௌபா. ஆட்டத்தை நிறுத்துவதும், வருந்துவதும், மீண்டும் செய்வதில்லை என்று உறுதிபூணுவதும் அதன் அம்சங்கள். சூதில் வென்ற பணம் கையில் இருந்தால் அதனைத் தனதென வைத்துக்கொள்ள முடியாது. உரியவரிடம் சேர்க்க வழியில்லாதபோது, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்கோ பொதுத் தேவைக்கோ கொடுத்துப் பொறுப்பு நீங்க வேண்டும் என்று உலமாக்கள் விளக்குவர்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஸூறத்துத் தௌபாவின் 60ஆம் வசனம் ஸகாத் பெறத் தகுதியானோரில் கடன்பட்டோரையும் சேர்க்கிறது. பாவமான காரியத்தால் கடன்பட்டவர் தௌபாச் செய்து திருந்தினால் அவருக்கும் அப்பங்கிலிருந்து கொடுக்கலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்தாகும். ஊர் உலமாக்களிடம் தீர்க்கமாகக் கேட்டு, அத்தகைய ஒருவரின் கடனைக் கொடுத்தவருக்கே நேரடியாக அடைத்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற முடியுமாயின், அது ஸகாத் நிதியின் சிறந்த பயன்களுள் ஒன்றாக அமையும். ஜும்ஆ மேடையில் மதுவையும் போதைப்பொருளையும் பற்றிப் பேசும்போது, தொலைபேசிக்குள் இருக்கும் இந்தச் சூதையும் ஒருமுறை பெயர் சொல்லிப் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு மகன் உதவி கேட்க வாய் திறப்பான்.

பொறுப்பு என்ற சொல்லைக் கசினோக்காரரிடம் விட்டுவிட வேண்டியதில்லை. அது எமது சொல். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர். உங்கள் மேய்ச்சலின் கீழ் உள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத்தந்த பொறுப்பு அது. பெற்றோருக்குப் பிள்ளைகள் மீதும், கணவனுக்கு வீட்டின் மீதும், மனைவிக்கு வீட்டின் மீதும் பிள்ளைகள் மீதும், ஊர்த் தலைவர்களுக்கு ஊரின் மீதும் அந்தப் பொறுப்பு உண்டு. இன்றிரவு உறங்கப் போகுமுன், வீட்டிலுள்ள தொலைபேசிகள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தைப் பெற்றோரே முதலில் தொடங்கிவைக்கலாம். பிள்ளைகளைக் கேட்பதற்கு முன் வாப்பாவின் தொலைபேசி அந்த மேசைக்கு வரட்டும்.

எமது உழைப்பில் பறகத்தையும், எமது பிள்ளைகளின் உள்ளங்களில் ஹலாலான உணவின் மீது விருப்பையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! விழுந்தவர்கள் எழுந்திருக்க அவனே துணை புரிவானாக!